மூன்றாம் பத்தி

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பாலோவில் ஒரு மாலை. ஒட்டுக்கடை முன்னால் ஒரு பையன் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறான். பக்கத்தில் நின்ற இன்னொருவர் தன் வண்டியை எடுக்கும்போது அதைத் தட்டிச் சாய்த்துவிடுகிறார். கண்ணாடி உடைகிறது. வாய்ச்சண்டை முற்றி ஓர் அறை விழுகிறது. உதடு கிழிந்து ரத்தம். அடித்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. அடிபட்டவர் ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு குடும்பமும் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரே திருவிழாவில் தீமிதி பார்த்து, ஒன்றன் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றது மொய் எழுதியவை. அன்று இரவே போலிஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் பையனின் அம்மா அடிபட்டவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "அண்ணே, ரிப்போர்ட்ட மீட்டுக்குங்கண்ணே. பையன் இப்பத்தான் வேலைக்குப் போறான்."

குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையோரம், ரப்பரும் பிறகு செம்பனையும் சூழ்ந்த ஊர் பாலோ. இங்கே மட்டுமல்ல, ஜொகூரின் எந்தச் சிற்றூரிலும் இந்தக் காட்சியை யாரும் கற்பனை செய்துகொள்ளலாம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவின்படி அந்த அறைக்கு ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்த அம்மா சட்டம் படித்தவர் அல்லர். அவர் வந்து நின்ற இடம் மட்டும் சட்டப்படி சரியான இடம். ஏனென்றால் இந்தக் குற்றத்தைத் தீர்ந்துபோனதாக்கும் உரிமை முதலில் அந்த வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. மக்கள் 'ரிப்போர்ட்டை மீட்பது' என்று சொல்வதற்குச் சட்டப் புத்தகத்தில் மிக அருகில் இருப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவு. அந்தப் பிரிவுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. நான் சொல்ல வந்த கதை அந்த அட்டவணையின் கதை.

அட்டவணைக்கு மூன்று பத்திகள். முதல் பத்தியில் குற்றத்தின் பெயர். இரண்டாவதில் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண். மூன்றாவதில் ஒரு மனிதர். காயம் உண்டாக்குதல் என்றால் மூன்றாம் பத்தியில் காயம்பட்டவர். அவதூறு என்றால் அவதூறுக்கு ஆளானவர். அத்துமீறி நுழைதல் என்றால் அந்த இடத்தை அனுபவிப்பவர். வழக்கு இன்னும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்றால் அந்த மனிதர் தாமாகவே எதிராளியோடு இணக்கம் செய்துகொள்ளலாம். போய்விட்டது என்றால் நீதிமன்றத்தின் சம்மதத்தோடு செய்துகொள்ளலாம். இணக்கம் ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானதற்குச் சமம். சட்டப் புத்தகத்தில் பெரும்பாலும் அரசுத் தரப்பும் எதிரியும் மட்டுமே எதிரெதிரே நிற்கிறார்கள். இந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒருவர், வலி பட்டவர், எழுந்து நிற்கிறார்.

சீரமைப்பு நீதி என்று இன்று உலகம் பேசுவது இதைத்தான். குற்றம் செய்தவரையும் அதனால் துன்பப்பட்டவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, நடந்தது என்ன, அதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று பேசவைப்பது. அது மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பாலோவுக்கு அதன் விதை வந்தது வேறு வழியில். தமிழர்கள் வந்த அதே கடல் வழியில்.

தொடக்கம் ஆங்கிலேயச் சட்டத்தின் ஒரு பிடிவாதம். பழைய இங்கிலாந்தில் பெருங்குற்றம் என்பது மன்னரின் அமைதியைக் குலைத்த செயல். அதை மன்னிக்க மன்னருக்கு மட்டுமே உரிமை. திருட்டுக் கொடுத்தவர் திருடனிடம் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'சரி, வழக்கு வேண்டாம்' என்று ஒப்புக்கொண்டால் அதுவே ஒரு குற்றம். அந்த விதி அங்கே 1967 வரை நீடித்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் எழுதி முடித்து, 1860இல் நிறைவேறி, 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அந்தச் சாயல் ஒட்டிக்கொண்டது. குற்றவாளியைக் காப்பாற்றக் கைம்மாறு வாங்குவதையும் கொடுப்பதையும் தண்டிக்கும் 213, 214ஆம் பிரிவுகள் அதன் வாரிசுகள்.

ஆனால் இந்தியாவில் அந்தப் பிடிவாதத்தை அப்படியே நடத்த முடியவில்லை. அடிதடி, வசவு, வரப்புத் தகராறு எல்லாவற்றையும் ஊரே தீர்த்துவைத்துக்கொண்டிருந்த நாடு அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் 'ராஜி ஆயிட்டாங்க' என்பார்கள். உருதுவழி வந்த சொல். சமரசத்துக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்புதல் பத்திரம்தான் ராஜிநாமா. வேலையை விட்டு விலகும் கடிதத்துக்கு அந்தப் பெயர் வந்தது பிற்பாடு. நடைமுறைச் சட்டம் 1861இல் முதலில் வந்தது. 1872இல் திருத்தி எழுதப்பட்டது. 1882இல் மறுபடி எழுதப்பட்டபோது 345ஆம் பிரிவில் நம் அட்டவணை மூன்று பத்திகளோடு நின்றது. 1898 சட்டத்திலும் அதே எண். எந்தக் குற்றங்களை ஊரார் தமக்குள் தீர்த்துக்கொள்ளலாம், எவற்றில் அரசு விடாது என்று அந்தப் பட்டியல் கோடு கிழித்தது.

இதற்கும் வெகு முன்பே நம் கல்வெட்டுகளில் ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. சோழர் காலத்தில் வேட்டைக்குப் போனவன் விட்ட அம்பு தவறுதலாக ஓர் ஆளைக் கொன்றுவிடும். நாட்டார் கூடி விசாரிப்பார்கள். கொலை எண்ணம் இல்லை என்று தெரிந்தால் உயிருக்கு உயிர் கேட்கமாட்டார்கள். செத்தவன் பேரில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடோ பசுவோ கொடுக்கும்படி தீர்ப்பு. அந்த மந்தைக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும், நெய் தீராமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த இரக்கத்தைப் படிக்கும்போது மனம் நெகிழும். கூடவே ஒரு கேள்வியும் குறுகுறுக்கும். விளக்கு கோயிலில் எரிந்தது. செத்தவனின் மனைவி வீட்டு அடுப்பு எரிந்ததா? அந்தத் தீர்ப்புக்கு மூன்றாம் பத்தி என்று ஒன்று இருந்திருந்தால் அதில் எழுதப்பட்டிருந்த பெயர் இறைவனுடையது.

மூன்றாம் பத்தியில் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1898 அட்டவணையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அதில் 'வேலை ஒப்பந்தத்தை மீறுதல்' என்று ஒரு வரிசை. தண்டனைச் சட்டத்தின் 490, 491, 492ஆம் பிரிவுகள். இவற்றுள் 492 கூலிகளுக்கானது. மூன்று ஆண்டுக்கு மேற்படாத எழுத்து ஒப்பந்தத்தில், முதலாளி செலவில் ஓர் இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளி காலம் முடியும் முன் ஓடிவிட்டால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது அழைத்துவந்த செலவில் இரு மடங்கு வரை அபராதம். இதற்கு மூன்றாம் பத்தியில் இருந்தவர் யார்? ஒப்பந்தம் செய்துகொண்ட எதிர்த்தரப்பு. அதாவது துரை. வெயிலிலும் காய்ச்சலிலும் தாங்க முடியாமல் ஓடிய கூலி குற்றவாளி. அவனை மன்னிக்கும் உரிமை கொண்ட 'பாதிக்கப்பட்டவர்' தோட்டத்துக்காரர். அதே அட்டவணையில் இன்னொரு வரிசை 374ஆம் பிரிவு, கட்டாய வேலை வாங்குதல். அங்கே மூன்றாம் பத்தியில் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டவர். ஒரே காகிதத்தில் இருவரும் இருந்தார்கள். ஆனால் கூலி எந்த வரிசையில் விழுவான் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவன் இல்லை. 490, 492ஆம் பிரிவுகள் 1925இல்தான் நீக்கப்பட்டன.

பெண்களின் கதையும் இதுதான். பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 497, மணமான பெண்ணை ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கிய 498 ஆகிய இரண்டுக்கும் மூன்றாம் பத்தியில் கணவன் மட்டுமே. அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது, அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அட்டவணையில் இடமே இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் 497ஐச் செல்லாது என்றது. 498 மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. 2023 டிசம்பர் 15 அன்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அது ஆண் பெண் சமத்துவத்துக்கு முரண் என்று சொல்லி அடித்துத் தள்ளியது. ஒரு பத்தியில் இருந்த ஒரு சொல்லைத் திருத்த நூறு ஆண்டுக்கும் மேல் பிடித்திருக்கிறது.

அட்டவணை கடல் கடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டன. 1871இல் அங்கே இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தின் பிள்ளை. பிரிவு எண்களைக்கூட மாற்றவில்லை. அன்று சென்னையில் அடித்தாலும் சிங்கப்பூரில் அடித்தாலும் 323தான். பிறகு கூட்டு மலாய் மாநிலங்களின் நடைமுறைச் சட்டத்தில் நம் அட்டவணையும் ஏறிக்கொண்டது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத தனி அரசு. 1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை திறந்தது. அந்தப் பாதையை ஒட்டிக் காடு வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பாலோ, சாமெக், குளுவாங், ரெங்கம் என்று நிலையங்களின் பெயர்கள் தமிழர் வாயில் பழகின. சஞ்சிக்கூலி முறை 1910இல் முடிந்தது. 'ஜஞ்சி' என்றால் மலாயில் வாக்குறுதி. வாக்குக் கொடுத்து வந்த கூலி சஞ்சிக்கூலி. அதன் பின் கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் திரட்டிவரும் முறை 1938 வரை ஓடியது. கூட்டு மாநிலங்களின் நடைமுறைச் சட்டமே 1976இல் நாடு முழுவதற்குமான ஒரே சட்டமானது. இன்று அதற்குச் சட்ட எண் 593. பிரிவு எண் 260. பத்திகள் அதே மூன்று.

சட்டம் புத்தகத்தில் இருந்தது. தோட்டத்தில் என்ன நடந்தது?

தோட்டத்தில் நடந்தது பஞ்சாயத்து. மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட, மலாயாத் தோட்டத்துத் தென்னிந்தியர் பற்றிய நூல் அந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்து எழுதப்பட்டது. தோட்டத் தமிழர் தம் சண்டைகளைத் தமக்குள் எப்படி விசாரித்துக்கொண்டார்கள் என்பது அதில் இருக்கிறது. அந்தத் தலைமுறைப் பெரியவர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள். கோயில் முன்னால் பாய் விரிப்பார்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் இருப்பார், கோயில் தலைவர் இருப்பார், சில நேரம் தோட்டத்து எழுத்தரான கிராணியும் வந்து உட்காருவார். குடித்துவிட்டு அடித்தவன், பால் வடியும் மங்கிலிருந்து ஒட்டுப்பால் திருடியவன், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேசியவன் என்று எல்லாரும் அந்தப் பாயின் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். தேங்காய் உடைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். காலில் விழச் சொல்வார்கள். கோயிலுக்கு அபராதம் கட்டச் சொல்வார்கள்.

அந்தப் பாயை நான் மதிக்கிறேன். போலிசும் நீதிமன்றமும் மொழி தெரியாத தொலைதூரத்தில் இருந்தபோது, நடந்து போகும் தூரத்தில், தமிழில், அதே நாளில் கிடைத்த நீதி அது. ஆனால் அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் பேர் எழுதும் தண்டலே தீர்ப்பும் சொன்னால், நாளைக் காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வேளையில், அவர் முன்னால் நிற்க வேண்டியவன் இன்று இரவு என்ன உண்மையைப் பேசுவான்? பாயின் ஓரத்தில்கூடப் பெண்களுக்கு இடம் கிடைத்ததா? அபராதம் கோயில் உண்டியலுக்குப் போனது. அடிபட்டவன் கிழிந்த உதட்டோடு வீட்டுக்குப் போனான். சோழர் காலத்து நந்தாவிளக்கு மாதிரிதான் இதுவும்.

பிறகு அந்தப் பாயும் போயிற்று. ஜப்பானியர் காலம், அதற்குப் பின் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம், முள்கம்பி வேலிக்குள் அடைபட்ட குடியிருப்புகள், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலம். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கும் நகரத்துக்கும் சிதறினார்கள். பஞ்சாயத்தின் குறைகள் போனது நல்லது. கூடவே உட்கார்ந்து பேசும் இடமும் போய்விட்டது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

இதே காலத்தில் சட்டத்தின் பக்கம் வேறொன்று நடந்தது. அட்டவணை பேசும் இணக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'காம்பவுண்ட்' என்று பெயர். சண்டையிட்ட இருவர் சமாதானமாகப் போவது என்பதே அதன் பொருள். அந்தச் சொல் மலாயில் 'கொம்பாவுன்' ஆனது. இன்று மலேசியாவில் கொம்பாவுன் என்றால் யாருக்கு அடிபட்டவரின் நினைவு வரும்? வண்டிக் கண்ணாடியில் சொருகிய அபராதச் சீட்டுத்தான் நினைவுக்கு வரும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டை மீறியவர்களுக்கு 1,000 ரிங்கிட் கொம்பாவுன். 2021 மார்ச்சில் அதன் உச்சம் 10,000 ரிங்கிட் ஆனது. வழக்கு வேண்டாம், பணம் கட்டிவிடு என்று அரசே இணங்குகிறது. சொல்லின் வடிவம் அப்படியே இருக்கிறது. மூன்றாம் பத்தியில் இருந்த மனிதர் எழுந்து போய், அந்த இடத்தில் அரசு உட்கார்ந்துகொண்டது. ஒரு சொல்லின் பயணத்தில் இதைவிட வருத்தமான திருப்பத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அட்டவணை ஓர் உரிமையைக் கொடுக்கிறது. அந்த உரிமையை எங்கே உட்கார்ந்து, யார் துணையோடு, எந்த அச்சமும் இல்லாமல் பயன்படுத்துவது என்று அது சொல்வதில்லை. உட்காரும் இடத்தைத் தேடும் வேலையை உலகம் வேறு வேறு ஊர்களில் செய்து பார்த்தது.

1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்மைரா என்ற சிற்றூர். பாலோவைப் போன்றதுதான், ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர். இரண்டு இளைஞர்கள் ஓர் இரவில் 22 இடங்களில் ஜன்னலை உடைத்து, வண்டி டயரைக் கிழித்துச் சேதம் செய்தார்கள். நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்சி, இவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். அப்படி ஒரு வழி சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. நீதிபதி சம்மதித்தார். இரண்டு பேரும் கதவு கதவாகத் தட்டி, 'நாங்கள்தான் செய்தோம்' என்று சொல்லி, சேதத்தைக் கேட்டுக்கொண்டு, சில மாதங்களில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் அதே சமரசப் பணியில் தன்னார்வலராகச் சேர்ந்தார். சீரமைப்பு நீதியின் நவீன வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 1989இல் நியூசிலாந்து, மாவோரி மக்களின் குடும்பக் கூட்ட மரபை இளங்குற்றவாளிகளுக்கான சட்டமாகவே ஆக்கியது.

தமிழருக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது இலங்கை. 1958இல் அங்கே இணக்க சபைகள் வந்தன. அரசியல் நியமனங்கள் என்ற புகாரில் பெயர் கெட்டு இருபதாண்டில் கலைக்கப்பட்டன. பத்தாண்டு கழித்து, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை உருவாக்கியது. முன்னே செய்த தவறிலிருந்து கற்றுக்கொண்டு எழுதிய சட்டம் அது. மத்தியஸ்தர்களைத் தெரிவு செய்து நியமிப்பது ஒரு தனி ஆணைக்குழு. சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால் அதிபர்கள் போன்றவர்கள். வார இறுதியில் பள்ளிக்கூட வகுப்பறையிலோ கோயில் மண்டபத்திலோ சபை கூடுகிறது. வழக்கறிஞர்கள் ஆஜராக முடியாது. அடித்தவர் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வார், அடிபட்டவர் ஒருவரைத் தெரிவு செய்வார், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைமைக்குத் தெரிவு செய்வார்கள். சிறுகாயம், அத்துமீறல், வசவு, மிரட்டல் போன்ற சிறு குற்றங்கள் அவர்கள் முன்னால் வருகின்றன. இணக்கம் வரவில்லை என்றால் அதற்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. போரினால் வடக்கிலும் கிழக்கிலும் சபைகள் தாமதமாகவே வேரூன்றின. ஆனால் மூன்று மத்தியஸ்தரில் ஒருவரை நானே தேர்ந்தேன் என்ற அந்த ஒரு ஏற்பாட்டில், தோட்டத்துப் பஞ்சாயத்தின் பெரிய குறை தீர்ந்துவிடுகிறது. தண்டல் அங்கே தானாக வந்து உட்கார முடியாது.

இன்னும் பக்கத்தில், பாலோவிலிருந்து தெற்கே ரயில் பாதை முடியும் இடத்துக்கு அப்பால், பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கேயும் அதே 323, அதே இணக்க விதியின் இன்னொரு கிளை. 1998 முதல் சமூகச் சமரச நிலையம் இயங்குகிறது. ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாக முறையிட்டால், அவர் அந்த இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பிவைக்கலாம். அண்டை வீட்டுச் சண்டையில் விழுந்த அறை அங்கே ஒரு மேசைக்கும் மூன்று நாற்காலிக்கும் போய்ச் சேர வழி உண்டு.

மலேசியாவில் 2012இல் மத்தியஸ்தச் சட்டம் வந்தது. அதன் இணைப்பு அட்டவணை குற்றவியல் விவகாரங்களை விலக்கி வைத்தது. அதே 2012இல் இன்னொரு சட்டம், ருக்குன் தெத்தாங்கா எனும் அண்டை அயலார் குழுக்களுக்கான சட்டம். 1975 முதல் இருந்துவரும் இந்தக் குழுக்களின் கடமைகளில் சமூகத்தாருக்கு இடையிலான தகராறுகளைச் சமரசம் செய்துவைப்பதும் அதில் எழுதப்பட்டது. ஆக இணங்கும் உரிமை 260இல் இருக்கிறது. உட்காரும் இடம் ருக்குன் தெத்தாங்கா கொட்டகையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாதை ஒன்று போடப்பட வேண்டும். போலிஸ் நிலையத்தில் ரிப்போர்ட் எழுதிக்கொள்ளும் கான்ஸ்டபிள், 'நீங்கள் விரும்பினால் இன்ன இடத்தில் இன்ன நாளில் இரண்டு பேரும் பேசலாம். விரும்பாவிட்டால் வழக்கு அதன் வழியில் போகும்' என்று சொல்லும் அளவுக்கு அது எளிமையாக இருக்க முடியும்.

இதை எழுதும்போது எனக்குள்ளேயே ஒரு குரல் தடுக்கிறது. அதையும் கேட்க வேண்டும். 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைப் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீனில் விட்டது. நாடே கொதித்தது. ஜூலை முதல் நாளில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதற்கு நான்காண்டு முன்னால், 2011 ஏப்ரலில், ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்தைச் சட்டவிரோதம் என்று கடுமையாகச் சாடியது. மன்னிப்பு என்ற அழகான சொல்லை வைத்து வாயை அடைக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. கணவன் அடித்த அடியும் சட்டக் கணக்கில் 323ஆக வந்து விழலாம். 'நாலு பேர் சொல்றாங்க, குடும்பம் முக்கியம்' என்று அவளிடம் கையெழுத்து வாங்குவது சமரசம் ஆகாது. அது இரண்டாவது அடி.

ஆகவே சிறு குற்றம் என்பதை அடியின் அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இருவரும் எழுந்து போகும் சுதந்திரத்தோடு உட்கார முடிகிற சண்டைதான் இந்த மேசைக்கு உரியது. ஒருவர் மற்றவரின் சம்பளத்தையோ சாப்பாட்டையோ கையில் வைத்திருந்தால், மேசைக்கு முன்னால் வேறு பாதுகாப்பு வேண்டும். சில வழக்குகளில் மேசையே கூடாது.

நம் பாலோக் கதையில் அப்படி இல்லை. இருவரும் சமமானவர்கள். ஒரு மோட்டார், ஓர் உடைந்த கண்ணாடி, ஒரு கிழிந்த உதடு. வழக்கு குளுவாங் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனால் பல முறை தள்ளிவைக்கப்பட்டு, ஒரு நாள் பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவான். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும். பையனுக்குக் குற்றப்பதிவு என்று ஒன்று ஒட்டிக்கொள்ளும். பெரியவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள், போலிஸ் வாக்குமூலத்துக்குக் கேட்டது தவிர. கடைத்தெருவில் ஒருவரை ஒருவர் கண்டால் இருவரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். தீமிதித் திருவிழாவில் இரண்டு குடும்பமும் வேறு வேறு பக்கம் நிற்கும்.

இன்னொரு வழியில், அந்த அம்மாவின் கண்ணீருக்காகவோ, கவுன்சிலரோ கோயில் தலைவரோ போன் போட்டதற்காகவோ, பெரியவர் ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்வார். 260 அதற்கு இடம் தருகிறது. கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல், ஊரார் முன்னால், தன் மகன் வயதுப் பையனிடம் அறை வாங்கிய அந்த மாலை அவர் நெஞ்சில் அப்படியே இருக்கும். பையனும் தான் என்ன செய்தோம் என்பதை அவர் வாயால் கேட்டிருக்க மாட்டான். மோட்டாரை வாங்க அவன் எத்தனை மாதம் ஓவர்டைம் செய்தான் என்பது பெரியவருக்கும் தெரியாமலே போகும்.

கல்கத்தாவில் எழுதப்பட்டு, கடல் தாண்டி, துரையையும் கணவனையும் தன் மூன்றாம் பத்தியில் சுமந்து, நூற்று நாற்பது ஆண்டு நடந்துவந்த அந்த அட்டவணை இப்போது இந்த வாசலில் வந்து நிற்கிறது. இன்று அதன் மூன்றாம் பத்தியில் இருப்பவர் வீங்கிய உதட்டோடு கைலி கட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறார். வெளியே தாய் கைகூப்பி நிற்கிறார். பின்னால் தெருவில் யாரும் இல்லை.

"உள்ள வந்து உக்காரும்மா," என்கிறார் அவர். பிறகு தெருவை இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "தம்பி வரலையா?"